ஸ்கிரீன்காரர்

அன்று அங்கே இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: அம்மா, நான், எதிர்வீட்டுச் சரசு அக்கா, அவள் இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தை, அப்புறம் அவர். குழந்தையோடு சேர்த்து ஐந்து பேர். வாசல் கேட்டுக்கு வெளியே ரோட்டில் யாரும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். பார்த்தது போதாமல் இன்னொரு தடவையும் பார்த்தேன். ஆண்பிள்ளை என்று இருந்தது அவர் ஒருவர்தான். அவரும் டேப் ரெக்கார்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, மூச்சை இழுத்துப் பிடித்தபடி நின்றார்.

இவ்வளவு கணக்காக ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் இந்தக் கணக்கை நான் நூறு முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஐந்துதான் வந்தது.

அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் சூலூரிலும் சோமனூரிலும் யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. ஸ்கிரீன்காரர் என்றால் போதும். அதைக் கேட்டுவிட்டு, பனியனுக்குப் படம் அச்சடிக்கிற ஆள் என்று நினைத்துத் துணிக்கட்டோடு போய் நின்றவர்களும் உண்டு. "பனியன் இல்லீங்க, கம்ப்யூட்டருங்க" என்று பொறுமையாகச் சொல்லி அனுப்புவார். கம்ப்யூட்டர் ஸ்கிரீனுக்கு அவர் என்ன செய்வார் என்று அவர்களுக்கு விளங்காது. எனக்கே விளங்க நாளானது.

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் பக்கம் நூல் கடை, லேத் பட்டறை, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடம் என்று ஒன்றிரண்டு பேர் கம்ப்யூட்டர் வாங்கத் தொடங்கிய சமயம். வாங்கி வந்து போட்டால் திரையில் ஒரு நிறம் வரும். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. அதன்மேல் இடது ஓரமாக நாலைந்து குட்டிப் படங்கள், அடியில் இங்கிலீஷ். உலகம் முழுக்க எல்லாருக்கும் ஒரே மாதிரி. அதை மாற்றிக் கொடுப்பதுதான் அவர் வேலை. பின்னணிப் படம், குட்டிப் படங்கள், மவுஸ் அம்பு, எழுத்தின் நிறம், திறக்கும்போதும் மூடும்போதும் வருகிற சத்தம் எல்லாவற்றையும் அந்த வீட்டிலிருந்தே எடுத்து, அந்த வீட்டுக்கென்றே செய்து கொடுப்பார். 'தீம்' என்று ஒரு பெயர் சொன்னார். ஆனால் அவர் வாயில் அடிக்கடி வந்த சொல் அது இல்லை, ஊடு, அதாவது வீடு.

"ஸ்கிரீனுங்கறது ஒரு ஊடுங்க அம்மணி. எவனோ வெள்ளைக்காரன் கட்டி வெச்ச ஊட்டுல நீங்க எதுக்குக் குடக்கூலிக்கு இருக்கோணும்?"

நாற்பது வயதிருக்கும். ஒல்லி. வெயிலில் நின்றாலும் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். பழைய மொபெட்டில் வருவார். பையில் திருப்புளி, பிளாப்பி டப்பா, கேமரா, டேப் ரெக்கார்டர். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். வீட்டுக்குள் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மானிட்டர் தலையில் வைப்பார். பிறகு வாசற்படி வரை பின்பக்கமாகவே நடந்து போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டைப் பார்ப்பார். கால்மணி நேரம். ஒன்றையும் தொடமாட்டார். அந்தப் பார்வையில் நமக்குத்தான், எதையோ திருடி ஒளித்து வைத்தது போல ஆகிவிடும்.

குட்டிப் படங்களைப் புள்ளி புள்ளியாக வைப்பார். நெடுக்கில் முப்பத்திரண்டு, குறுக்கில் முப்பத்திரண்டு. "ஆயிரத்து இருபத்திநாலு புள்ளிங்க. ஒரு மனுசனை அடக்கறதுக்கு இதே அதிகம்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கமாட்டார்.

கூலி ஐந்நூறு. முன்பணம் இருநூறு. மீதி முந்நூறை வாங்குவதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். அந்த இடத்துக்குரிய ஆள் ஒவ்வொருவருக்கும் ஸ்கிரீனில் ஒரு அடையாளம் வைப்பார். எல்லாரும் ஒருதரம் வந்து உட்கார்ந்து, பார்த்து, 'இது நம்மூடுதான்' என்று வாயால் சொல்லவேண்டும். ஒருவர் பாக்கி இருந்தாலும் காசைத் தொடமாட்டார்.

சோமனூரில் ஒரு நூல் வியாபாரியின் ஆபீசில்தான் முதலில் அந்தச் சட்டத்தைப் பார்த்தேன். நான் அடித்த பில் புத்தகத்தைக் கொடுக்கப் போயிருந்தேன். மணல் கடிகாரம் வரவேண்டிய இடத்தில் ஒரு நூல் கோன் சுற்றிக்கொண்டிருந்தது. அழித்த ஃபைல்கள் போகிற குப்பைத்தொட்டிக்குப் பதிலாகக் கழிவுப் பஞ்சு மூட்டை. காலியாக இருந்தால் தொளதொளவென்று, நிறைந்தால் புடைத்துக்கொண்டு. வியாபாரிக்கு ஒரே சந்தோஷம். நடுவில் அவருடைய அப்பா, துண்டு போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படம். அதைப் பார்த்த மருமகள் அலறிவிட்டாள்.

"ஏனுங்க, உசுரோட இருக்கற மனுசனைத் தனியாச் செவுத்துல மாட்டிப்போட்டீங்களே!"

"செவுரு இல்லீங்களே, ஸ்கிரீனுங்க."

"எல்லாம் ஒண்ணுதானுங்க. கீழ லைட்டு வேற எரியுது பாருங்க!"

உண்மைதான். எங்கள் பக்கம் ஒற்றை ஆளின் படத்தைச் சுவர் நடுவில் மாட்டி, கீழே ஒரு சின்ன பல்பு எரிய விட்டால், அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். மானிட்டரின் சின்ன விளக்கு சரியாக அந்த இடத்தில் எரிந்தது. கிழவர் உள்ளேயிருந்து தடவிக்கொண்டே வந்தார். கண்ணில் புரை. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இருக்கட்டும் உடு அம்மணி. மாலை மட்டும் போட்டுப்போடாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்கிரீன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, பேரனின் படத்தைக் கொண்டுவந்து கிழவர் பக்கத்தில் சேர்த்தார். மருமகளுக்கு மூச்சு வந்தது. ஆனால் கிழவருக்குப் படம் தெரியாதே, எப்படி 'நம்மூடு' என்று சொல்வார்? ஸ்கிரீன்காரர் ஒன்றைத் தட்டினார். வெற்றிலைப் பெட்டி மூடுகிற சத்தம் வந்தது, டக்கென்று. கிழவரின் கை தன்னால் மடியைத் தொட்டது. "அட, என்ற பொட்டி! யாருடா எடுத்தது?" என்றார். மடியில் பெட்டி பத்திரமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் ஸ்கிரீன்காரர் மீதிப் பணத்தை வாங்கினார். கிழவர் அதற்குப் பிறகு பல வருஷம் நன்றாக இருந்தார், அதையும் சொல்லிவிடவேண்டும். எனக்குத்தான் அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

சூலூர் லேத் பட்டறையில் இன்னொன்று. அந்த முதலாளி நாய்ப்பிரியர். தப்பான பொத்தானைத் தட்டினால் அவருடைய நாய் குரைக்கிற மாதிரி ஸ்கிரீன்காரர் செய்து வைத்திருந்தார். நாயும் பட்டறையிலேயே இருக்கும். கம்ப்யூட்டர் குரைத்தால் அது எழுந்து பெட்டியைப் பார்த்துப் பதிலுக்குக் குரைக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை. அந்த வருஷமே நாய் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. பிறகு நான் அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை பற்றிப் பேசப் போனபோது முதலாளி தனியாக உட்கார்ந்திருந்தார். வேண்டுமென்றே தப்பான பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் நான் அவரை எங்கள் வீட்டுக்குள் ஏன் விட்டேன்? பயத்தில்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கோனில் நூல் சுற்றுகிற வைண்டிங் வேலைக்குப் போய், பிறகு டைப் பழகி, அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து ஒரு அசெம்பிள் கம்ப்யூட்டர் வாங்கி, முன்னறையில் போட்டுப் பத்திரிகையும் லேபிளும் அடித்துக்கொடுத்தேன். தமிழில் தட்டுவதில் எனக்குக் குறையில்லை. ஆனால் திடீரென்று நடுவில் ஒரு பெட்டி வந்து இங்கிலீஷில் ஏதோ சொல்லி, டிங் என்று ஒரு சத்தம் போடும். இரண்டு பவுனும் போயிற்று என்று நினைப்பேன். எழுந்து போய் வாசலில் நின்றுகொள்வேன். இதை நூல் வியாபாரி அவரிடம் சொல்லியிருக்கிறார். "அந்த அம்மணி பயப்படாத மாதிரி நான் செஞ்சு தாரேன்" என்று அவரே வந்தார்.

கரண்ட் இல்லாத நாளாகப் பார்த்து வந்தார். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கென்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அதுதான் அவருக்குச் சத்தம் பிடிக்கிற நாள். மற்ற நாளில் நாலாபக்கமும் தறி ஓடும், எதுவும் தனியாகக் கேட்காது. "கரண்டு போனாத்தானுங்க ஊரு பேசும்" என்பார். பேட்டரி போட்ட டேப் ரெக்கார்டரோடு கிளம்பிவிடுவார். தறி நின்ற பகலில் எங்களுக்கெல்லாம் காது அடைத்துப்போன மாதிரி இருக்கும். நம் வீட்டிலேயே தரையில் கால் உரசுகிற சத்தம் கேட்கும். எனக்கு அந்த நாளே பிடிக்காது.

வழக்கம்போல வாசற்படியில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஊட்டுல மூணு பேருங்களா?"

"ரெண்டு பேர்தானுங்க. அம்மாவும் நானும்."

அவர் பார்வை பலகைமேல் கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களில் இருந்தது. மூன்று. கொடியில் மூன்று துண்டு. கண்ணாடிக்குக் கீழே சவரக் கத்தி.

அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்: "மூணு பேருதானுங்க. பெரியவன் வெளிய போயிருக்கறான்."

அண்ணன் வெளியே போய் அப்போது நான்கு வருஷம். அப்பா கடனுக்குத் தறி நான்கையும் விற்றார். அண்ணன் சண்டை போட்டான். ஒரு மத்தியானம் கேட்டைத் திறந்துகொண்டு போனான். அவ்வளவுதான். கடிதம் இல்லை, ஆள் சொல்லி அனுப்பவில்லை. அடுத்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார், அதற்கும் அவன் வரவில்லை. அடையாளம் தெரியாத ஆண் என்று பேப்பரில் ஒரு மூலையில் போடுவார்களே, அதைத்தான் நான் தினமும் முதலில் படிப்பேன். உயரம், சட்டை நிறம், வயது. அம்மா படிக்கமாட்டாள். அவளுக்கு அவன் வெளியே போயிருக்கிறான். தினமும் டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பாள்.

அவனுக்கு ஒரு பழக்கம். கேட் அருகில் வந்ததும் இரண்டு முறை தொண்டையைக் கனைப்பான். சேர்த்தாற்போல் இல்லை. ஒன்று, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. அது காதில் விழுந்தால் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவாள்.

இதில் ஒன்றையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

அவர் கேள்விகளைத் தொடர்ந்தார். "ஊட்டுல நீங்க பயந்துபோனா யாரு, என்ன சொல்லுவாங்க?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூச்சப்பட்டாள். சரசு அக்கா உசுப்பிவிட்டாள்: "சொல்லுங்கத்தை, நாளைக்கு டப்பாக்குள்ள இருந்து நீங்கதான் பேசப்போறீங்க!" அம்மா டேப் ரெக்கார்டருக்கு முன்னால் குனிந்து, என்னிடம் சொல்கிற மாதிரியே சொன்னாள்: "ஒண்ணும் ஆகலெ அம்மணி. நீ பாட்டுக்குச் செய்யி."

"கம்ப்யூட்டர் யோசிக்கறப்ப மணல் கடியாரம் வருமுங்க. காத்திருங்கன்னு அர்த்தம். இந்த ஊட்டுல நீங்க எதுக்குங்க காத்திருப்பீங்க?"

"கரண்டுக்குத்தானுங்க" என்றேன். சரசு அக்கா குழந்தை அதிரச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கேட்டைப் பார்த்தாள். அம்மா கேட்டைப் பார்த்ததை அவர் பார்த்தார்.

கடைசியாக, கம்ப்யூட்டர் திறக்கும்போது வரவேண்டிய சத்தம். கேட் திறக்கிற சத்தத்தை எடுக்கலாம் என்றார். அவருடைய கேசட்டில் டேப் சிக்கிக்கொண்டது. வீட்டில் பழசு ஏதாவது இருக்குமா என்றார். அண்ணனுடைய பெட்டியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். முன்பு சொன்னதை அம்மா அதில் இன்னொரு தடவை சொன்னாள், சரசு அக்கா அதற்கும் சிரித்தாள். எங்கள் கேட் இரும்புக் கேட். தாழ்ப்பாளை இழுத்தால் வராது, மேலே தூக்கித் தள்ளவேண்டும். வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் அந்தக் கைப்பக்குவம். வானத்தில் விமானப்படை விமானம் ஒன்று போனது. அது போய்ச் சேரும்வரை அவர் கையைத் தூக்கி எங்களை நிறுத்தி வைத்தார். பிறகு தலையை அசைத்தார். அம்மா தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளினாள். கிர்ரென்று கேட் திறந்தது. அம்மாவின் வளையல் கம்பியில் பட்டது. அப்போது அங்கே இருந்தவர்கள்தான் நான் முதலில் சொன்ன ஐந்து பேர்.

சரசு அக்கா போன பிறகு நான் டீ வைக்க உள்ளே போனேன். சன்னல் வழியே பார்த்தபோது அம்மாவும் அவரும் கேட்டருகில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு கையால் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து வந்து எல்லாவற்றையும் ஏற்றினார். திரையில் எங்கள் வீட்டு முன்பக்கம், மத்தியான வெயிலில். 'மை கம்ப்யூட்டர்' இருந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதவு. குப்பைத்தொட்டிக்கு, கொல்லையில் இருக்கிற உடைந்த சிமெண்டுத் தொட்டி. காத்திருக்கச் சொல்கிற இடத்தில் தாழ்ப்பாள். கம்ப்யூட்டர் யோசிக்கும்போதெல்லாம் அது மெல்ல மேலே எழும்பும், திரும்ப விழும். எழும்பும், விழும். திறக்கவே திறக்காது. நான் தப்பாக ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். "ஒண்ணும் ஆகலெ அம்மணி. நீ பாட்டுக்குச் செய்யி" என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மூடுதான் என்றேன். அம்மாவும் சொன்னாள். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, "வாரேனுங்க" என்று கிளம்பிவிட்டார். பணத்தை நீட்டினேன், அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். கிர்ரென்று கேட் திறந்தது. வளையல் சத்தம். அதற்குப் பிறகு, எங்கோ சற்றுத் தள்ளி நின்று யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ஒன்று.

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். கேட் மூடியிருந்தது. நான் சொன்னேன், இதிலிருந்துதான் வந்தது என்று. அவள் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய் மூன்றாவது டம்ளரில் டீ ஊற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். அது ஆறும். ஆடை கட்டும். கொண்டுபோய்க் கொட்டுவாள். கம்ப்யூட்டரை அணைக்காமலே விட்டுப்பார்த்தேன். எங்கள் ஊர்க் கரண்ட் விடுமா? ஒரு நாளைக்கு மூன்று முறை போய் வரும். மூன்று முறையும் கேட் திறக்கும், மூன்று டீ ஆறும். அவள் சாப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. "அவன் வந்து உக்காரட்டும்" என்பாள். ஒருநாள் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி வைத்தேன். அம்மா பதினொரு மணிவரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பிறகு கதவோரம் வந்து நின்று கேட்டாள்:

"ஏனம்மணி, இன்னிக்கு கேட் தெறக்கல?"

ஒயரைத் திரும்பச் சொருகினேன். இப்படியே போனால் அம்மாவே எனக்கு மிஞ்சமாட்டாள் என்று தோன்றியது.

காந்திபுரத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் அவரைத் தேடிப் பிடித்தேன். அவருடைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அந்தப் பச்சையும் நீலமும் இல்லாத நிறம். ஓரத்தில் வந்தபடியே இருக்கிற படங்கள். ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "எனக்கு ஊடு எங்கீங்க இருக்குது?" என்றார்.

கனைப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. "கேசட்டு பழசுங்களே அம்மணி. மேல புதுசாப் பிடிச்சாலும் முடியற எடத்துல பழைய சத்தம் சித்தெ மிச்சம் இருந்திருக்கும். கவனிக்காம அதையும் சேத்து ஏத்திப்போட்டேன்."

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் இன்னொன்று ஏறியது. அப்படியானால் அண்ணனின் குரல் இருந்த கேசட்டை நான்தான் எடுத்துக்கொடுத்து, நான்தான் அழிக்கவிட்டேனா?

"அதை எடுத்துருங்க" என்றேன்.

வந்தார். கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். அந்தச் சத்தத்தைத் திரையில் படமாகத் திறந்தார். நீளக் கோடு. கேட் திறக்கும் இடத்தில் கோடு கன்னாபின்னாவென்று எகிறியது. வளையலுக்கு ஊசி ஊசியாக. கடைசியில் இரண்டு சின்ன மேடு.

"இதுதானுங்க." மவுஸை இழுத்தார். இரண்டு மேடும் கறுப்பாயின. "ஒரு பொத்தானுங்க. அழிச்சரட்டுங்களா?"

சரி என்று சொல்லத்தான் அவரைக் கூட்டிவந்தேன். வாய் வரவில்லை. நான் சொல்லி அவர் அழித்து, அந்த நேரத்தில் எங்கோ அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு எண்ணம். மடத்தனம்தான். ஆனால் வந்துவிட்டது.

பின்னால் அம்மா நின்றிருந்தாள். கோபமே இல்லாமல் சொன்னாள்: "அவன் பாட்டுக்கு வந்துட்டுப் போறான். உங்களுக்கு என்னங்க சாமி தொந்தரவு?"

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். சூடு பட்ட மாதிரி எடுத்தார். கறுப்பு போனது, மேடுகள் இருந்தன. "இது என்ற வேலை இல்லீங்க" என்று எழுந்தார். கேட்வரை ஓடிப்போய் முந்நூறு ரூபாயை நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனால் கணக்கு முடிந்துவிடும், எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"ஊட்டுல எல்லாரும் இன்னும் பாக்கலீங்களே அம்மணி" என்றார்.

தாழ்ப்பாளை இழுக்கவில்லை. மேலே தூக்கித் தள்ளிக்கொண்டு போனார்.

அவரைப் பிறகு நான் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் காந்திபுரம் போனபோது அந்த மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. முன்பு இருந்தவரைப் பற்றி அவர்களுக்குத் தெரியவில்லை. நூல் வியாபாரிக்கும் தெரியவில்லை.

அவர் திருப்பிக் கொடுத்த கேசட் என் மேஜை டிராயரில் கிடந்தது. அதைப் போட்டுக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க மேஜையை நகர்த்தியபோது கையில் வந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். போட்டேன். "ஒண்ணும் ஆகலெ அம்மணி. நீ பாட்டுக்குச் செய்யி." சரசு அக்கா சிரிப்பு. குழந்தை. விமானம் தேய்ந்து மறைகிறது. கேட். வளையல். டேப் ரெக்கார்டரை நிறுத்துகிற டக். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். கேசட் முடியும்வரை கேட்டேன். இரண்டு பக்கமும் கேட்டேன். கனைப்பு எங்கும் இல்லை. பழைய சத்தம் எதுவுமே இல்லை. அண்ணன் அதில் எதையும் பதியவே இல்லை.

அவரே தன் அறையில் உட்கார்ந்து கனைத்துச் சேர்த்திருக்கலாம். மூன்றாவது ஆளுக்குப் படம் கிடைக்கவில்லை, ஆனால் அடையாளம் வைக்காமல் அவரால் முடியாது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு முறை, நடுவில் இடைவெளி விட்டு? அன்று நான் டீ வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டருகில் நின்று அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளா? வைக்கச் சொல்லிக் கேட்டதே அவள்தானா? அப்படியானால் பாத்திரம் ஏன் விழுந்தது?

அம்மாவிடம் நான் கேட்கவில்லை. ஆமாம் என்பாளோ என்றும் பயம், இல்லை என்பாளோ என்றும் பயம். கேட்காமலே ஆறு வருஷம் ஓடியது. அம்மா தூக்கத்திலேயே போனாள். அன்று காலையும் மூன்று டம்ளர் கவிழ்ந்திருந்தது.

பத்திரிகை வேலைக்கெல்லாம் புது மெஷின் வந்துவிட்டது. பழையதை நான் கொடுக்கவில்லை. மானிட்டர் ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பண்டிகை நாளில் மட்டும் போடுவேன். கேட் திறக்கும். அம்மாவின் வளையல் கம்பியில் படும். சற்றுத் தள்ளி இரண்டு முறை கனைப்பு. முன்பு எனக்கு அது பயம். இப்போது அதில் அம்மாவும் இருக்கிறாள், இரண்டு பேரும் ஒன்றாக வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. தாழ்ப்பாள் எழும்பி எழும்பி விழும். கை தவறி எதையாவது தட்டினால் ஒன்றும் ஆகலெ என்கிறாள். சில சமயம் கை தவறாமலும் தட்டுகிறேன்.

நான் பார்த்தாயிற்று. அம்மா பார்த்தாயிற்று. ஆள் இன்னும் ஒன்று பாக்கி. அதனால் அவருக்கு நான் தரவேண்டிய பணமும் அப்படியே இருக்கிறது, முந்நூறு ரூபாய்.